சாம்பியன்ஸ் ஆன்லைன்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

கிரிப்டிக் ஸ்டுடியோஸ் உருவாக்கிய சூப்பர்ஹீரோ இணைய விளையாட்டான சாம்பியன்ஸ் ஆன்லைன், 2009 செப்டம்பர் 1 அன்று மாதச் சந்தா கட்டி ஆடும் விளையாட்டாக வெளிவந்து, 2011 ஜனவரியில் இலவச விளையாட்டாக மாறியது. இந்த இரண்டு தேதிகளும் பிழை நீக்க உட்காருபவருக்கு நேரடியாகப் பயன்படும். திரை கறுப்பதும், புதிய கணினியிலும் படம் திணறுவதும் பெரும்பாலும் 2009-இன் தொழில்நுட்பத்திலிருந்து வருபவை. ஒரு திறனைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போவதும், ஓர் உடைத் துண்டு பூட்டிக் கிடப்பதும் 2011-இல் வகுக்கப்பட்ட இலவசக் கணக்கின் விதிகளிலிருந்து வருபவை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் விளையாட்டு முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவதே பலரும் எடுக்கும் முதல் நடவடிக்கை. என் கணிப்பில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. பல நேரங்களில் செய்யவே தேவையில்லாதது.

பெரும்பாலான கோளாறுகள் கணினி, இணைப்பு, விளையாட்டின் விதி ஆகிய மூன்றில் ஒன்றைச் சேர்ந்தவையாகவே இருக்கும். எது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் கணக்கில் வேறொரு பாத்திரத்தை உருவாக்கி, பயிற்சிப் பகுதியில் சில நிமிடங்கள் ஆடிப் பாருங்கள். அங்கும் அதே சிக்கல் வந்தால் கணினியையோ இணைப்பையோ ஆராயுங்கள். ஒரு பாத்திரத்தில் மட்டும் வந்தால் அந்தப் பாத்திரத்தின் அமைப்பையும் விதிகளையும் ஆராயுங்கள்.

லாஞ்சர் பாதியில் நிற்கிறது, அல்லது பேட்ச் (புதுப்பிப்பு) முடிவதே இல்லை

ஸ்டீம், ஆர்க் என்ற விளையாட்டுத் தளங்களில் எதன் வழியாக நுழைந்தாலும் இறுதியில் திறப்பது, விளையாட்டைத் தொடங்கி வைக்கும் நிரலான கிரிப்டிக்கின் சொந்த லாஞ்சர்தான். ஆகவே ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாமல், லாஞ்சரின் ஆப்ஷன்ஸ் பகுதியைத் திறந்து ஃபோர்ஸ் வெரிஃபை என்பதைக் குறியிட்டு மீண்டும் தொடங்குங்கள். கணினியில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் செர்வரில் உள்ளதோடு ஒப்பிட்டு, சிதைந்த பகுதிகளை மட்டும் புதிதாக இறக்கும் வேலை இது. நேரம் பிடிக்கும் என்பதால் பட்டை நகரவில்லையே என்று நடுவில் மூடிவிடக் கூடாது. விளையாட்டின் படங்களும் ஒலிகளும் லைவ் என்ற கோப்புறைக்குள் பிக்ஸ் என்ற உட்கோப்புறையில், ஹாக் என்று முடியும் பெரிய கோப்புகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பிழைச் செய்தி அவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஃபோர்ஸ் வெரிஃபையும் பலன் தராமல் போனால், அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கிவிட்டு லாஞ்சரைத் திறந்தால் அது மறுபடி இறங்கிவிடும்.

லாஞ்சரே செர்வரை எட்டவில்லை என்றால், ஃபயர்வால் அல்லது ஆன்டிவைரஸ் அதைத் தடுக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டு டிசிபி முறையில் 80-ஆம் போர்ட்டையும் (தகவல் சென்று வரும் வாயில்) 7000 முதல் 7500 வரையிலான போர்ட்களையும் பயன்படுத்துகிறது. கல்லூரி விடுதிகளிலும் அலுவலக வலையமைப்புகளிலும் இரண்டாவது வரிசை மூடப்பட்டிருப்பது வழக்கம். லாஞ்சர் திறந்து, பேட்ச் முடிந்து, பாத்திரத்தைத் தேர்ந்த பிறகு மட்டும் இணைப்பு அறுந்தால் இந்தப் போர்ட்களின் மீது சந்தேகம் கொள்வது நியாயம். அலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை நுழைந்து பார்த்தால் அந்தச் சந்தேகம் உறுதியாகும், அல்லது நீங்கும்.

புதிய பகுதிக்குள் நுழையும்போதெல்லாம் சில வினாடிகள் உறைகிறது

இது கோளாறு போலத் தெரிந்தாலும் லாஞ்சர் வேண்டுமென்றே செய்யும் ஒன்றின் விளைவு. முழு விளையாட்டும் இறங்கும் வரை காத்திருக்க வைக்காமல், தொடங்குவதற்குத் தேவையானதை மட்டும் முதலில் இறக்கி, மீதியை ஆடும்போதே தேவைக்கேற்பத் தருவிக்கும் ஏற்பாடு அதில் உள்ளது. கனடாவின் பனிவெளிக்கோ மான்ஸ்டர் தீவுக்கோ நீங்கள் முதல் முறை செல்லும்போது, அந்த நிலப்பரப்பின் கோப்புகள் அப்போதுதான் வந்து சேர்கின்றன. லாஞ்சரின் ஆப்ஷன்ஸில் ஆன்-டிமாண்ட் பேட்சிங்கை முடக்கும் தேர்வைக் குறியிட்டு, ஓர் இரவு முழுவதும் இறங்க விட்டுவிட்டால் இந்த உறைதல் நின்றுவிடும். அளவுக்கு உட்பட்ட டேட்டா திட்டம் வைத்திருப்பவர்கள் இதைச் செய்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

தொடங்கியவுடன் கறுப்புத் திரை, அல்லது கிரிப்டிக் எரர் என்ற சாளரம்

முதலில் லாஞ்சரில் சேஃப் மோட் என்பதைக் குறியிட்டுத் தொடங்குங்கள். எல்லாக் காட்சி அமைப்புகளும் மிகக் குறைந்த நிலையில் திறப்பதால், உள்ளே சென்று திரை அளவையும் சாதன வகையையும் மாற்றும் வாய்ப்பு கிடைக்கும். சாதன வகை என்ற இடத்தில், படம் வரையும் விண்டோஸ் தொழில்நுட்பமான டைரக்ட்3டி-யின் எந்தத் தலைமுறையைப் பயன்படுத்துவது என்று தேர்வு செய்யலாம். ஒன்று திணறினால் பட்டியலில் உள்ள வேறொன்றை முயன்று பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. சேஃப் மோடில் ஒழுங்காக ஓடி, வழக்கமான முறையில் மட்டும் விழுகிறது என்றால் சேமித்து வைத்த அமைப்புகளில்தான் பழுது. லைவ் கோப்புறைக்குள் லோக்கல்டேட்டா என்ற இடத்தில் கேம்ப்ரெஃப்ஸ் என்ற பெயரில் இருக்கும் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டால், விளையாட்டு புதிய ஒன்றை இயல்பு நிலை அமைப்புகளோடு தானே எழுதிக்கொள்ளும்.

விளையாட்டு தன் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே எழுதும் பழக்கம் உடையது என்பதால், விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் நிறுவியிருந்தால் அனுமதிச் சிக்கல்கள் வரக்கூடும். தனியாக ஒரு கோப்புறையில் நிறுவி, அதை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்ப்பது பாதுகாப்பான ஏற்பாடு.

நல்ல கணினியிலும் நகரத்துக்குள் படம் திணறுகிறது

விளையாட்டின் மைய நகரமான மில்லேனியம் சிட்டி, கதைப்படி 1992-இல் டாக்டர் டிஸ்ட்ராயர் என்னும் வில்லனால் தரைமட்டமாக்கப்பட்ட டெட்ராய்ட்டின் மேல் எழுப்பப்பட்டது. அதன் நடுவில் உள்ள ரெனைசன்ஸ் சென்டரில் ஆட்டக்காரர்கள் தத்தம் உடையலங்காரத்தைக் காட்டிக்கொண்டு கூட்டமாக நிற்பார்கள். ஒவ்வோர் உடையும் பல தனித்தனித் துண்டுகளால் ஆனது. இறக்கைகள், ஒளிவட்டங்கள், ஓயாமல் எரியும் தீ ஆகியவை வேறு. இவற்றையெல்லாம் கணக்கிடும் வேலையில் பெரும்பகுதியை விளையாட்டு செயலியின் ஒன்றிரண்டு கோர்களிலேயே செய்து முடிப்பதால், பதினாறு கோர் உள்ள கணினி வாங்கியவருக்கும் இங்கே தனிச் சலுகை கிடைப்பதில்லை. நகரத்தில் மட்டும் திணறிப் பாலைவனத்தில் சீராக ஓடுகிறது என்றால் உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை.

எல்லா இடத்திலும் திணறுகிறது என்றால், குறிப்பாக மடிக்கணினியில், விளையாட்டு எந்தக் கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் லாஞ்சரை உயர்செயல்திறன் பட்டியலில் சேர்த்துவிட்டு, பலன் இல்லை என்று கைவிடுபவர்கள் உண்டு. உண்மையில் ஓடுவது கேம்கிளையன்ட் என்ற தனி நிரல். லைவ் கோப்புறைக்குள் இருக்கும் அதைத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதன் பிறகும் குறை இருந்தால் நிழல்களைக் குறையுங்கள். உருவங்களைச் சுற்றி வரும் காமிக்ஸ் பாணிக் கறுப்புக் கோட்டை அணையுங்கள். கோடு இல்லாத தோற்றமே நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது இந்த விளையாட்டின் முகத்தையே மாற்றிவிடுவதாகத் தோன்றுகிறது, ஆகவே நிழல்களை முதலில் பலி கொடுங்கள்.

முன்னே ஓடிய பாத்திரம் பின்னுக்கு இழுக்கப்படுகிறது. செர்வர் பதிலளிக்கவில்லை என்ற எழுத்து தோன்றுகிறது

இது இணைப்பின் அறிகுறி. கிராஃபிக்ஸ் அமைப்புகளில் எதைக் குறைத்தாலும் இது தீராது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். உங்கள் கணினி பாத்திரத்தை உடனே நகர்த்திக் காட்டுகிறது. ஆனால் அது உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை முடிவு செய்வது செர்வர். இடையில் தகவல் பொட்டலங்கள் தொலைந்தால், செர்வர் கடைசியாக அறிந்த இடத்துக்கே பாத்திரம் திருப்பி இழுக்கப்படும்.

அளந்து பார்க்க விளையாட்டுக்குள்ளேயே கருவி இருக்கிறது. சாட் பெட்டியில் சாய்கோடு இட்டு, நெட்கிராஃப் என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டி, இடைவெளி விட்டு 1 என்று கொடுத்தால், இணைப்பின் நிலை ஒரு வரைபடமாகத் திரையில் ஓடத் தொடங்கும்; 1-க்குப் பதில் 0 கொடுத்தால் மறைந்துவிடும். கோடுகள் உயரமாக இருந்தாலும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது தூரத்தால் வரும் தாமதம். விளையாட்டின் செர்வர்கள் இந்தியாவில் இல்லை என்பதால் இங்கிருந்து ஆடுபவர் அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். நல்வாய்ப்பாக, குறி பார்த்துச் சுடும் விளையாட்டுகளைப் போல இது நொடியின் பின்னத்தில் வெற்றி தோல்வியை முடிவு செய்வதில்லை. கோடுகள் திடீர் திடீரென்று சிகரம் போல எழுந்தால் அது இழப்பு, அதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும். வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். பின்னணியில் வேறு எதுவும் பதிவிறங்கவில்லை என்பதை உறுதி செய்யுங்கள், விளையாட்டின் சொந்த ஆன்-டிமாண்ட் இறக்கமும் அதில் அடக்கம்.

கேபிளிலும் சிகரங்கள் எழுந்தால், சிக்கல் உங்கள் வீட்டுக்கும் செர்வருக்கும் இடையிலான பாதையில் இருக்கலாம். லாஞ்சரின் ஆப்ஷன்ஸில் பிராக்ஸி என்ற தேர்வு உள்ளது. இயல்பாக அது எதுவும் இல்லை என்ற நிலையில் இருக்கும். அமெரிக்கா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் உங்கள் போக்குவரத்து அந்த இடைநிலையம் வழியாகச் செல்லும். பாதை பழுதாக இருக்கும்போது இது உதவும்; பாதை நன்றாக இருக்கும்போது தேவையற்ற ஒரு நிறுத்தமாகித் தாமதத்தைக் கூட்டும். எனவே ஒவ்வொன்றையும் மாற்றி வரைபடத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். நண்பர் ஒருவருக்குப் பலன் தந்தது என்பதற்காக மாற்றி வைத்து, பின்னர் அதை மறந்துவிடுவது சரியல்ல.

பழைய பாத்திரங்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன

பாத்திரங்கள் அழிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் வேறு கணக்கில் நுழைந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். முன்பு நேரடியாக உருவாக்கிய கணக்கு ஒன்று இருக்க, பின்னாளில் ஸ்டீம் வழியாக நிறுவித் தொடங்கும்போது புதிய கணக்கு உருவாகிவிடுவது உண்டு. ஸ்டீமை விட்டுவிட்டு, பழைய மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொண்டு நேரடியாக நுழைந்து பாருங்கள்.

நண்பர் அதே இடத்தில் நிற்பதாகச் சொல்கிறார், கண்ணில் படவில்லை

ஒரே நிலப்பகுதிக்குப் பல பிரதிகள் உண்டு. சிறு வரைபடத்துக்கு அருகில் பகுதியின் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணை இருவரும் ஒப்பிடுங்கள். மாறுபட்டால் அங்குள்ள பட்டியலைத் திறந்து ஒரே எண்ணுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சண்டை நடுவே ஆற்றல் தீர்ந்துபோகிறது; அடி பலவீனமாக இருக்கிறது

பாத்திரத்தின் மீதே வெறுப்பு வரும் அளவுக்கு ஆட்டக்காரர்களைச் சலிப்படையச் செய்யும் அறிகுறி இது. ஆற்றல் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டாலே பாதி தீர்ந்துவிடும். பல விளையாட்டுகளில் ஆற்றல் நிறைந்த நிலையில் சண்டை தொடங்கும். இங்கே சண்டை இல்லாதபோது ஆற்றல் பட்டை ஒரு சமநிலைப் புள்ளியில் வந்து நிற்கும். அந்தப் புள்ளியை உயர்த்துவது ரெக்கவரி என்ற பண்பு. பட்டையின் மொத்தக் கொள்ளளவைக் கூட்டுவது என்டியூரன்ஸ். சமநிலைப் புள்ளி தாழ்வாக இருக்க, உங்கள் பெரிய தாக்குதலின் விலை அதைவிட உயர்வாக இருந்தால், அதைக் கொண்டு சண்டையைத் தொடங்கவே முடியாது. ஆற்றல் தரும் எளிய தாக்குதலால், அதாவது பாத்திரத்தோடு முதலில் கிடைக்கும் திறனால், சில அடிகள் அடித்துப் பட்டையை ஏற்றிவிட்டுத்தான் பெரியதற்குப் போக வேண்டும். சலிப்பு தருகிறது என்று அந்தத் திறனைப் பொத்தான் வரிசையிலிருந்தே எடுத்துவிடுபவர்கள், தங்கள் கிணற்றைத் தாங்களே மூடிவிடுகிறார்கள்.

அதற்கடுத்து எனர்ஜி அன்லாக் எனப்படும் திறனைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நிபந்தனை நிறைவேறும்போது மட்டுமே ஆற்றலைத் திருப்பித் தரும்: ஒன்று எதிரி எரிந்துகொண்டிருந்தால், இன்னொன்று கிரிட்டிக்கல் எனப்படும் கூடுதல் வலிமை கொண்ட அடி விழுந்தால், என்று வேறுபடும். பனித் தாக்குதல்களை வைத்துக்கொண்டு தீக்குரிய அன்லாக்கைத் தேர்ந்தவருக்கு அது ஒருபோதும் வேலை செய்யாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. விளக்கக் குறிப்பை முழுவதும் படிப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

அடி பலவீனமாக இருப்பதற்குத் தனியாக இரண்டு இடங்களைச் சோதியுங்கள். முதலாவது, பாசிவ் எனப்படும் தானே இயங்கும் திறன் அதற்குரிய இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பது. வாங்கிய திறன் பட்டியலில் இருந்தாலும், பொருத்தாதவரை பயன் தராது. இரண்டாவது, ஃபார்ம் எனப்படும் நிலைத்திறன் இயக்கத்தில் இருக்கிறதா என்பது. அது ஒருமுறை இயக்கிவிட்டால் முழுப் பலன் தருவதில்லை. அதற்குரிய செயலை நீங்கள் செய்யச் செய்ய அடுக்கடுக்காக வலுக்கும். தூரத்தாக்குதலுக்குரிய சில ஃபார்ம்கள் தாக்குதலை முழுவதும் ஏற்றி விடுவதையே எதிர்பார்க்கின்றன. தட்டித் தட்டி மட்டும் சுடுபவருக்கு அடுக்கு ஏறவே ஏறாது.

ஒரே அடியில் விழுந்துவிடுகிறேன்

எதிரியின் தலைக்கு மேல் காமிக்ஸ் பாணி வெடிப்பு அடையாளம் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். பெரிய அடி ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது. இயல்பாக ஷிஃப்ட் விசையில் இருக்கும் தடுப்பை அப்போது அழுத்திப் பிடித்தால், பறந்துபோய் விழவேண்டிய அடியும் தாங்கக்கூடியதாகிவிடும். ஷிஃப்டை அழுத்தியும் தடுக்கவில்லை என்றால் விசை அமைப்பில் வேறொன்று அதன் இடத்தைப் பிடித்திருக்கலாம். கீபைண்ட்ஸ் பகுதியில் இயல்பு நிலைக்கு மீட்டுக்கொள்ளுங்கள். ஷிஃப்டைத் தொடர்ந்து பலமுறை அழுத்தினால் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் சாளரம் எழுந்து சண்டையைக் கெடுக்கும் என்பதால், விண்டோஸ் அமைப்பில் அதையும் அணைத்து வையுங்கள்.

மீண்டும் மீண்டும் விழும் பாத்திரம் மேலும் மேலும் எளிதாகத் தோற்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு வீழ்ச்சியிலும் பாத்திரத்தின் ஐந்து நட்சத்திரங்களில் ஒன்று குறைகிறது. நட்சத்திரங்கள் இருக்கும்வரை தாக்குதலும் குணப்படுத்தலும் கூடுதல் வலிமை பெறுகின்றன. ஐந்தையும் இழந்த நிலையில் அதே எதிரித் தலைவனை மறுபடி எதிர்ப்பதைவிட, எளிய எதிரிகளை வீழ்த்தி நட்சத்திரங்களை மீட்ட பிறகு திரும்புவது நல்லது.

திறனைத் தேர முடியவில்லை. உடைத் துண்டு பூட்டியிருக்கிறது. கணக்கில் ஏதோ தவறு

தவறு எதுவும் இல்லை. இலவசக் கணக்கில் பாத்திரம் உருவாக்கும்போது, பெஹிமத், இன்ஃபர்னோ, கிளேசியர், சோல்ஜர் போன்ற ஆர்க்கிடைப் எனப்படும் ஆயத்த அமைப்புகளில் ஒன்றைத் தேர்கிறீர்கள். எந்த நிலையில் எந்தத் திறன் வரும் என்பது அதில் பெரும்பாலும் முன்பே தீர்மானிக்கப்பட்டது. எல்லாத் திறன்களையும் விருப்பம்போல் கலந்து எடுக்கும் ஃப்ரீஃபார்ம் முறைக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். இணையத்தில் யாரோ வெளியிட்ட சிறந்த அமைப்பைப் பார்த்துவிட்டு அதன் இரண்டாவது திறனைத் தேடிக் களைத்துப்போனவர், பார்த்தது ஃப்ரீஃபார்ம் அமைப்பாக இருந்திருக்கும். சந்தா இருந்த காலத்தில் ஃப்ரீஃபார்ம் பாத்திரம் உருவாக்கி, பின்னர் சந்தாவை விட்டுவிட்டுத் திரும்பியவருக்கு, அந்தப் பாத்திரம் பட்டியலில் தெரியும், ஆனால் திறக்காது. ஆர்க்கிடைப்பாக மாற்றினாலோ ஃப்ரீஃபார்முக்குரிய இடத்தை வாங்கினாலோ மட்டும் திறக்கும். மாற்றுவது எளிதில் திரும்பப் பெற முடியாத செயல். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

திறன்களைத் தேர்வது பவர்ஹவுஸ் என்ற இடத்தில். அங்கே தேர்ந்தவற்றை அங்கேயே சோதித்துப் பார்த்து, வெளியே வருவதற்குள் செலவின்றி மாற்றிக்கொள்ளலாம். வாசலைத் தாண்டியபின் மாற்ற வேண்டுமானால் ரெட்கான், அதாவது எடுத்த திறன்களைத் திரும்பக் கொடுத்தல், செய்ய வேண்டும். அது கடைசியாக எடுத்ததிலிருந்து பின்னோக்கியே செல்லும் என்பதால், பழைய தேர்வு ஒன்றை மாற்ற அதற்குப் பின் வந்த அனைத்துக்கும் விலை கொடுக்க நேரிடும். சோதனைக் கூடம் இலவசமாக இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் ஓடி வருவது வீண் செலவு.

உடை விஷயத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. இந்த விளையாட்டு ஒவ்வோர் உடையையும் ஒரு ஜேபெக் படமாக ஸ்கிரீன்ஷாட்ஸ் கோப்புறையில் சேமிக்கிறது; அந்தப் படத்துக்குள்ளேயே உடையின் விவரங்கள் பொதிந்திருக்கும். நண்பரின் படத்தைப் பெற்று உங்கள் கோப்புறையில் வைத்தால் அந்த உடையைத் திறக்கலாம். ஆனால் அதில் உள்ள துண்டுகள் உங்கள் கணக்கில் திறக்கப்படாதவையாக இருந்தால் அப்படியே அணிய முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருக்கத்தில் பொதிந்த விவரம் போய்விடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயமான குவெஸ்சனைட் சேர்த்தும் கையிருப்பு ஏறவில்லை என்பதும் இதே வகை. கிடைப்பது கச்சாத் தாது. அதைச் சுத்திகரித்தால்தான் செலவழிக்க முடியும். சுத்திகரிப்புக்கு அன்றாட உச்ச வரம்பு உண்டு. எஞ்சியது எங்கும் போகாது, மறுநாளுக்குக் காத்திருக்கும்.

சுவருக்குள்ளோ பாறைக்குள்ளோ சிக்கிக்கொண்டேன்

சாட் பெட்டியில் சாய்கோடு இட்டு ஸ்டக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் வெளியே எடுத்துவிடும். பலன் இல்லையெனில் பாத்திரத் தேர்வுத் திரைக்குச் சென்று திரும்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், அல்லது ஒரு பணியின் எதிரி தோன்றவே இல்லை என்றால், அது விளையாட்டின் உண்மையான பிழை. உள்ளே இருக்கும் புகார் வசதியில் பதிய வேண்டும். பகுதியின் பெயர், அதன் பிரதி எண், பணியின் பெயர், நேரம் ஆகியவற்றோடு, சாய்கோடு இட்டு லொகேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளான எல், ஓ, சி ஆகியவற்றைத் தட்டினால் வரும் இட எண்களையும் புகாரில் சேருங்கள். அந்த எண்கள் இருந்தால்தான் பார்ப்பவர் அதே பாறைக்கு நேராகப் போய்ச் சேர முடியும்.